மடிக்கணினியும் மீட்டர் கேஜும்



நம் மலரில் இதற்கு முன் நான் எழுதிய இரண்டு கட்டுரைகளும் ரயில் பெட்டிகளில் விளக்கும் விசிறியும் எப்படி இயங்குகின்றன என்பது பற்றியவை. புதிதாக மடிக்கணினி வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்ட ஆசிரியர், "அதைப் பற்றி நம் மூத்தவர்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுங்கள்" என்றார். நான் கம்ப்யூட்டர் படித்தவனல்ல. 1978இல் மின் பொறியியல் டிப்ளமோ முடித்து, 1981இல் நாக்பூரில் ரயில்வே வேலைக்கு வந்து, 'ட்ரெயின் லைட்டிங்' பிரிவிலேயே காலத்தைக் கழித்து, 2018இல் சீனியர் செக்ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன். பேட்டரியும் கேபிளும் தெரிந்த ஒருவன் இந்தப் புதிய சாதனத்தை எப்படிப் பார்த்தான் என்ற அளவில் இக்கட்டுரையைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் 2012இல் வாங்கிய மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. எங்கள் பழைய இயந்திரம் விண்டோஸ் 11ஐ ஏற்காது. பென்ஷன் கணக்கைப் பார்க்கிற இயந்திரத்தைப் பாதுகாப்பில்லாமல் ஓட்ட வேண்டாம் என்று புனேயிலிருக்கும் மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

இன்னொரு காரணத்தை மகனிடம் சொல்லவில்லை. என் பீரோவில் ஒரு கவருக்குள் இரண்டு சி.டி.க்கள் இருந்தன. அவற்றில் என் தாயார் எனக்கு எழுதிய 84 கடிதங்கள் இருந்தன. புது இயந்திரம் வந்ததும் முதலில் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

1. கையில் எடுத்தபோது

நவம்பர் மாதம் சீதாபர்டி கடைத்தெருவில் ஒரு கடையில் வாங்கினேன். விலை நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். எடை 1.6 கிலோ. சர்வீஸில் நான் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்த மெக்கர் பெட்டி இதைவிடக் கனம். திறந்ததும் பதினைந்து விநாடிக்குள் தயாராகிவிட்டது. பழைய கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு நான் காபி குடித்து முடித்து வருவது வழக்கம். இனி அந்தக் காபிக்கு வேறு சாக்கு தேட வேண்டும்.

முதல் நாளே ஒரு சந்தேகம் வந்தது. பெட்டியின் மேல் சேமிப்பு 512 ஜிகாபைட் என்று அச்சிட்டிருந்தது. திரையில் 476 என்று காட்டியது. முப்பத்தாறு ஜிகாபைட்டைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் சண்டைக்குப் புறப்படுமுன் காகிதத்தில் கணக்குப் போட்டேன். தயாரிப்பாளர் ஒரு ஜிகாபைட் என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸோ இரண்டின் முப்பதாம் அடுக்கை, அதாவது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சத்தை, ஒரு ஜிகாபைட் என்று கொள்கிறது. 51,200 கோடியை அதனால் வகுத்தால் 476 வருகிறது. பொருள் குறையவில்லை, படிக்கல்தான் வேறு. கடைக்காரரிடம் போகாமல் தப்பித்தேன்.

2. மின்கலம்: பழைய பாடம் செல்லாது

என் தொழிலோடு நேரடித் தொடர்புள்ள பாகம் இது. பழைய வகை ஏ.சி. பெட்டியின் அடியில் 2 வோல்ட் செல்கள் 56ஐத் தொடராக இணைத்து 110 வோல்ட் மின்னழுத்தம் பெறுவோம். அதன் கொள்ளளவு 1100 ஆம்பியர்-மணி. பெருக்கிப் பார்த்தால் 1,21,000 வாட்-மணி. என் மடிக்கணினியின் பேட்டரி 42 வாட்-மணி. அதாவது ஒரு பெட்டியின் பேட்டரிச் சக்தியில் இதுபோல் ஏறக்குறைய 2,900 மடிக்கணினிகளை நிரப்பலாம். ஆனால் இரண்டும் வேலை செய்யும் முறை ஒன்றுதான். வண்டி ஓடும்போது அடியிலுள்ள ஆல்டர்னேட்டர் விளக்குக்கும் மின்சாரம் தரும், பேட்டரியையும் நிரப்பும். வண்டி நின்றால் பேட்டரி சுமையை ஏற்கும். இங்கே ஆல்டர்னேட்டருக்குப் பதில் சார்ஜர். 20 வோல்ட், 3.25 ஆம்பியர், ஆக 65 வாட்.

பராமரிப்பில்தான் முக்கியமான வித்தியாசம். ஈய-அமில பேட்டரியை எப்போதும் முழு சார்ஜில் வைக்க வேண்டும். காலியாக விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். இதை எத்தனையோ கலாசிகளுக்கு நான் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மடிக்கணினியில் இருப்பது லித்தியம் அயான். இதை நாள் முழுவதும் நூறு சதவீதத்தில் நிறுத்தி வைத்தால் ஆயுள் குறையும். சூட்டிலும் குறையும். ஐம்பது அறுபது சதவீதம் அதற்குச் சுகமான நிலை. ஆகவே எந்நேரமும் மின்சாரத்தில் சொருகியே வைத்துப் பயன்படுத்துபவர்கள், 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைக்கும் வசதி தங்கள் இயந்திரத்தில் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் அதை இயக்கிவிடுவது நல்லது. என் இயந்திரத்தில் இருந்தது. நாக்பூர் மே மாத வெயிலில் இதைக் காருக்குள் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. மெத்தை மேல் வைத்து வேலை செய்தாலும் அடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டுச் சூடேறும். பெயர் மடிக்கணினி என்றாலும் அதன் இடம் மேசைதான்.

3. சுழலாத வட்டு

பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். புதியதில் சுழலும் பாகமே கிடையாது. எஸ்.எஸ்.டி. என்று சொல்கிறார்கள், தகவல் முழுவதும் சில்லுகளில் மின்னூட்டமாக இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கார்பன் பிரஷ் வைத்த டைனமோக்கள் சில பெட்டிகளில் இன்னும் இருந்தன. பிரஷ் தேயும், பொறி பறக்கும். பிறகு பிரஷ் இல்லாத ஆல்டர்னேட்டர் வந்ததும் பாதித் தொல்லை தீர்ந்தது. எஸ்.எஸ்.டி.யும் அந்த மாதிரி முன்னேற்றம் எனலாம். வேகம், அமைதி, அதிர்ச்சியைத் தாங்கும் திறன் மூன்றும் உண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பழைய டிஸ்க் கெடுவதற்கு முன் பெரும்பாலும் 'கடகட' என்று சத்தம் கொடுக்கும். தாங்கி தேய்ந்த மோட்டாரைப் போல, கேட்கிற காது இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். எஸ்.எஸ்.டி. சத்தம் போடாது. கெட்டால் ஒரு காலைப்பொழுதில் சொல்லாமல் கெட்டுவிடும். அதில் அழித்துவிட்ட கோப்பை மீட்பதும் பழையதைவிடக் கடினம். எனவே நகல் எடுத்து வைக்கும் பழக்கம் முன்னைவிட இப்போது அதிகம் தேவை.

4. தமிழ் விசைப்பலகை

டிப்ளமோ முடித்து வேலைக்குக் காத்திருந்த காலத்தில் கும்பகோணத்தில் தமிழ்த் தட்டச்சு லோயர் படித்தேன். அந்தப் பழக்கம் விரல்களில் இன்னும் இருக்கிறது. ஆகவே புது விசை அமைப்பு எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தேன். விண்டோஸ் 11இல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அமைப்புகள் பகுதியில் மொழி என்ற இடத்தில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். புள்ளிக்காகப் பல இடங்களில் தனி விசை தேட வேண்டாம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் 'அம்மா' என்று வந்துவிடுகிறது. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி வைத்துக்கொள்கிறது. தட்டச்சுப் பழக்கத்தை மறக்க எனக்குப் பத்து நாளாயிற்று. இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்தேன். தட்டச்சே தெரியாதவர்களுக்கு என்னைவிடச் சீக்கிரம் வந்துவிடும், ஏனென்றால் அவர்களுக்கு மறக்க ஒன்றுமில்லை.

5. இரண்டு சி.டி.க்கள்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஊர் ஆடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1981இல் நான் நாக்பூர் வந்த நாளிலிருந்து 1998இல் காலமாகும் வரை அம்மா இன்லாண்டு கடிதம் எழுதினார். எனக்குக் கிடைத்ததில் நான் பத்திரப்படுத்தியவை 84. 2002, 2003 ஆண்டுகளில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து அவை எல்லாவற்றையும் அப்போதிருந்த கம்ப்யூட்டரில் அடித்தேன். 2002இல் அடித்த 53 கடிதங்களை ஒரு சி.டி.யிலும், 2003இல் அடித்த 31ஐ இன்னொரு சி.டி.யிலும் எழுதிக்கொண்டேன். இரண்டாவது சி.டி. தெருவோரக் கடையில் மலிவாகக் கிடைத்தது.

அடித்தாகிவிட்டதே என்ற தைரியத்தில் அசல் கடிதங்களைத் தகரப் பெட்டியில் போட்டுக் குவார்ட்டர்ஸ் பின்கட்டில் வைத்தேன். 2006 மழைக்காலத்தில் ஓட்டுச் சந்து ஒழுகி, பெட்டி முழுக்கத் தண்ணீர். நீல மை கரைந்து, கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. 2008இல் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கும் போயிற்று. மிச்சம் இரண்டு சி.டி.க்கள். அவற்றைப் பதினேழு வருடம் நான் திறந்து பார்க்கவே இல்லை. இருக்கிறது என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

புது மடிக்கணினியில் சி.டி. போடும் இடமே கிடையாது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். வெளியில் இணைக்கும் டிரைவ் ஒன்றை வாங்கி வந்தேன். முதலில் இரண்டாவது சி.டி.யைப் போட்டேன். சுற்றியது, நின்றது, மீண்டும் சுற்றியது. வட்டு காலியாக இருக்கிறது என்று திரையில் வந்தது. மூன்று வேறு டிரைவ்களில் போட்டுப் பார்த்தாயிற்று. பயனில்லை. நாம் வீட்டில் எழுதும் சி.டி.யில் தகவல் ஒரு சாயப் பூச்சின் மேல்தான் பதிகிறது. வெளிச்சத்திலும் சூட்டிலும் அந்தச் சாயம் நாளடைவில் மங்கும். மலிவான சரக்காயிருந்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். இரும்பு பீரோவில் பதினேழு நாக்பூர் கோடைகளைத் தாண்ட அதனால் முடியவில்லை. 1991க்குப் பிறகு அம்மா எழுதிய 31 கடிதங்கள் போய்விட்டன. கடைசிக் கடிதமும் அதில்தான் இருந்தது.

முதல் சி.டி. திறந்தது. கோப்பைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். ஒரு சொல்லுக்கும் பொருளில்லை. என் மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, இதுவும் போச்சா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

6. கேஜ் வேறு

இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கிற்று. அதை நமக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன்.

எண்பதுகளில் நான் ஊருக்குப் போவது எப்படி? நாக்பூரில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறினால் மதராஸ் சென்ட்ரல் வரை 1676 மில்லிமீட்டர் பிராட் கேஜ். அங்கே இறங்கி, பெட்டி படுக்கையோடு ஆட்டோ பிடித்து எழும்பூர் போக வேண்டும். அங்கிருந்து கும்பகோணம் பக்கம் 1000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். நாக்பூரில் ஏறிய பெட்டி அந்தப் பாதையில் போகாது. பெட்டியில் கோளாறு இல்லை, பாதையிலும் கோளாறு இல்லை; அளவு வேறு. சரக்குக்கும் இதே கதிதான். கேஜ் மாறும் இடங்களில் ஒரு வேகனிலிருந்து மூட்டைகளை இறக்கி இன்னொரு வேகனில் ஏற்றுவார்கள். நம் ஊர் மோதிபாக் அருங்காட்சியகத்துக்குப் பேரக் குழந்தைகளை அழைத்துப் போனவர்களுக்கு 762 மில்லிமீட்டர் நேரோ கேஜ் வண்டியும் தெரிந்திருக்கும். ஒரே நாட்டில் மூன்று அளவு.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதே அதன் கேஜ். 2002இல் நண்பர் ஒருவர் பிளாப்பியில் கொடுத்த பாமினி வகை எழுத்துருவில் நான் கடிதங்களை அடித்தேன். தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பைப் பெரும்பாலும் பின்பற்றியதால் எனக்கு அது வசதியாயிருந்தது. அந்த வகையில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேலேயே தமிழ் உருவங்களை வரைந்து ஒட்டியிருப்பார்கள். நான் 'அம்மா' என்று அடித்தபோது கோப்பில் பதிந்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இருந்த இயந்திரத்தில் அது அம்மா. எழுத்துரு இல்லாத புது இயந்திரத்தில் அது வெறும் எம், கே, அரைப்புள்ளி. சரக்கு பத்திரமாகத்தான் இருந்தது, பாதைதான் இல்லை.

அக்காலத்தில் இப்படிப் பல கேஜ்கள் இருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவு வைத்திருந்தது. இணையத்தில் எழுதிய தமிழர்கள் டிஸ்கி என்ற பொது அளவை உருவாக்கினார்கள். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டை அறிவித்தது. இதற்கிடையே உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை என்ற நோக்கத்தோடு 1991இல் யூனிகோட் முதற் பதிப்பு வெளிவந்தது. தமிழில் ஒருங்குறி என்கிறோம். அதில் தமிழுக்கு 128 இடங்கள். அந்த எண்கள் தமிழுக்கே உரியவை, ஆங்கிலத்தோடோ இந்தியோடோ மோதாதவை. விண்டோஸ் 2000 முதற்கொண்டு விண்டோஸில் தமிழ் ஒருங்குறி வேலை செய்கிறது. 2010இல் தமிழக அரசும் அதைத் தரமாக ஏற்றது.

ரயில்வேயில் எல்லாவற்றையும் ஒரே அகலப்பாதையாக்கும் யூனிகேஜ் திட்டம் தொடங்கியது 1992இல். யூனிகோட் 1991, யூனிகேஜ் 1992. பெயரும் ஒன்று, நோக்கமும் ஒன்று. என் பிழைப்பில் ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே, வீட்டு மேசையில் இன்னொன்றைக் கவனிக்காமல், 2002இல் அம்மாவின் கடிதங்களை மீட்டர் கேஜில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

7. கேஜ் மாற்றம்

எழுத்துருமாற்றி மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுக் கடிதம் என்பதால் இணைய இணைப்பு இல்லாமலே இயங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அது ஒவ்வொரு பழைய குறிக்கும் பதில் புதிய எண்ணை வைக்கிறது. வரிசையையும் மாற்ற வேண்டியிருக்கிறது. 'கெ' என்பதைப் பழைய முறையில் கொம்பு முதலில், 'க' பிறகு என்று கண்ணுக்குத் தெரிகிறபடி அடிப்போம். ஒருங்குறியில் 'க' முதலில், கொம்பு பிறகு. 'கொ'வுக்குப் பழைய முறையில் மூன்று குறி, ஒருங்குறியில் இரண்டு. இவ்வளவையும் 53 கடிதங்களுக்கும் கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிட்டது.

ஆனால் அப்படியே நம்பிவிடக் கூடாது. கடிதத் தலைப்பில் அஜ்னி குவார்ட்டர்ஸ் முகவரியை நான் ஆங்கிலத்தில் அடித்திருந்தேன். மாற்றி அதையும் தமிழென்று எண்ணி ஏதோ புரியாத பாஷையாக்கியிருந்தது. ஒவ்வொரு கடிதமாக உட்கார்ந்து வாசித்துத் திருத்த ஒரு வாரமாயிற்று. கேஜ் மாற்றிய பாதையில் பரிசோதனை வண்டி விட்டுப் பார்க்காமல் பயணிகள் வண்டி விடுவதில்லை அல்லவா?

ஒருங்குறியாக மாறியதும் புதிய வசதி ஒன்று கிடைத்தது. தேடலாம். அம்மா ஒரு கடிதத்தில் ஆவக்காய் போடும் அளவைச் சொல்லியிருந்தது நினைவிருந்தது. 'மாங்காய்' என்று அடித்ததும் மூன்று கடிதங்களைக் காட்டியது. மனைவிக்கு அளவு கிடைத்தது. அந்த உற்சாகத்தில் வேறு சில சொற்களையும் தேடினேன். 'எப்ப வருவே' என்று அம்மா எழுதுவது வழக்கம் என்று மங்கலாக நினைவு. 'வருவே' என்று அடித்தேன். திரையின் ஓரத்தில் 61 என்று வந்தது.

53 கடிதங்களில் 61 இடம். பொங்கலுக்கு வருவே என்று நினைச்சேன், கோயில் திருவிழாவுக்காவது வருவே, லீவு கிடைச்சா வருவே. கடிதம் வந்த காலத்தில் மாதத்துக்கு ஒன்றாகப் படித்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. 84ஐயும் கையால் அடித்தபோதும் உறைக்கவில்லை. விரல் எழுத்தைப் பார்த்தது, நான் வரியைப் பார்க்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை போனேன். சில வருடங்கள் அதுவும் இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று பதில் எழுதியிருப்பேன். சில முறை அது உண்மை.

அன்று இரவு கும்பகோணத்திலிருக்கும் என் தங்கைக்கு 53 கடிதங்களையும் அனுப்பினேன். மறுநாள் காலை ஃபோன் செய்தாள். மிச்சம் 31 போய்விட்டதைச் சொன்னேன். "அண்ணே, கண்ணுல புரை விழுந்த பிறகு அம்மாவுக்கு எழுத வரலே. கடைசி நாலஞ்சு வருஷம் அவங்க சொல்லச் சொல்ல நான்தானே எழுதினேன், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாது. கையெழுத்து மாறியதைக்கூட நான் கவனிக்கவில்லை. கடைசிக் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். கொல்லைப் பக்கத்து வேலி சாய்ந்தது, பசு கன்று போட்டது, இந்த வருடம் நல்ல மழை, இவ்வளவும் அவளுக்கு நினைவிருந்தது. "அப்புறம் வழக்கமா கேக்கறதுதான்" என்றாள். அதைக் 'கடிதம் 84, தங்கை சொன்னபடி' என்று தலைப்பிட்டுத் தமிழ்99இல் அடித்துச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

8. வாசகர்கள் கவனத்துக்கு

நம் சங்க அன்பர்கள் பலர் வீட்டிலும் இதுபோன்ற கோப்புகள் இருக்கும். குடும்ப வரலாறு, கவிதை, சங்கத்தின் பழைய நிகழ்ச்சிக் குறிப்பு என்று தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் அடித்து வைத்தவை. என் அனுபவத்தில் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஒன்று: பழைய பிளாப்பி, சி.டி. எதுவானாலும் இந்த மாதமே எடுத்துத் திறந்து பாருங்கள். இருக்கிறது என்று நினைப்பதும் திறப்பதும் ஒன்றல்ல.

இரண்டு: திரையில் பொருளற்ற ஆங்கிலம் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். அது பழைய எழுத்துருவாக இருக்கலாம். எந்த எழுத்துரு என்பதைக் கண்டுபிடித்தால் ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம்.

மூன்று: இனி எதை எழுதினாலும் ஒருங்குறியிலேயே எழுதுங்கள். செல்ஃபோனில் நீங்கள் அனுப்பும் தமிழ் ஒருங்குறிதான்.

நான்கு: முக்கியமானவற்றுக்கு மூன்று நகல் இருக்கட்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு வீட்டில் அல்லது வேறு ஊரில் இருக்கட்டும். பென் டிரைவில் போட்டுப் பல வருடம் தொடாமல் வைப்பது நகல் ஆகாது. வருடத்துக்கொரு முறை திறந்து பார்த்து, புதிதாக ஒரு நகல் எடுங்கள். ரயில்வேயில் 'பீரியாடிக் ஓவர்ஹால்' என்று தேதி போட்டுச் செய்வதைப் போல ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அம்மாவின் திதியை வைத்திருக்கிறேன்.

ஐந்து: அசல் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

ஆறாவதாக என் மனைவி சொன்னது: "எல்லாத்தையும் பிரின்ட் எடுத்து வையுங்க. கரண்ட் போனாலும் படிக்கலாம்." அவ்வாறே 54 கடிதங்களையும் அச்செடுத்துக் கட்டி வைத்தாயிற்று.

மடிக்கணினி எப்படி என்று ஆசிரியர் கேட்டதற்குப் பதில்: நல்ல சாதனம், பயப்பட வேண்டியதில்லை, நம் வயதிலும் ஒரு மாதத்தில் கைக்கு வரும். வெளியில் இணைக்கும் சி.டி. டிரைவும் எழுத்துருமாற்றியும் என்னிடம் உள்ளன. பழைய வட்டுகள் வைத்திருப்பவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வந்தால், கூட்டம் முடிந்து காபிக்கு முன் சேர்ந்து திறந்து பார்க்கலாம்.